லே போகிறீர்களா? முதலில் ஓய்வு!

கோடை விடுமுறைக்கு டில்லியிலிருந்து விமானத்தில் லே போகும் நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை மணி நேரத்துக்குள் 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கிவிடுகிறோம். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, டில்லியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

பிராணவாயு குறைந்தால் மூளையிலும் தசையிலும் ரத்தக் குழாய்கள் விரியும். செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. சிதைந்து உண்டாகும் அடினோசின் அதற்கு ஒரு காரணம். நுரையீரலிலோ நேர்மாறு: குழாய்கள் சுருங்கும்! 1946-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளிடம் இதைக் கண்டார்கள். குழாய்த் தசையின் 'பவர் ஹவுஸ்' ஆன மைட்டோகாண்ட்ரியாதான் குறைவை உணர்ந்து சிக்னல் கொடுக்கிறது.

ரயில்வேக்காரனான எனக்கு இது பாயிண்ட்ஸ் மாற்றுவது போல. சரக்கில்லாத யார்டை மூடி, சரக்குள்ள யார்டுக்கு வண்டியைத் திருப்புகிறது உடம்பு. சளி அடைத்த ஒரு மூலைக்கு இது நல்ல ஏற்பாடு. மலையிலோ எல்லா யார்டிலும் சரக்குக் குறைவு. எல்லாக் குழாயும் சேர்ந்து சுருங்க, அழுத்தம் ஏறி, சிலருக்கு நுரையீரலில் நீர் கோர்த்துவிடும், உயிருக்கே ஆபத்து.

இறங்கிய அன்றே கர்துங் லா போகலாம் என்றான் என் பேரன். நான் விடவில்லை. இரண்டு நாள் ஓய்வெடுங்கள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மலை எங்கேயும் போய்விடாது!