பிடித்த முகங்கள் போகும் என்று முன்கூட்டியே சொன்ன அணி

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வானொலி நிலையத்தில், பல ஆண்டுகள் ஓடிய காலை நிகழ்ச்சி ஒன்றை ஒரு வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை வேறு குரல், வேறு பாட்டு. நேயர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் ஒரு பாட்டி தொலைபேசியில் அழைத்து, "அந்தத் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற ஹாக்கி அணி தன் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

ஹாக்கி என்றதும் நமக்கு ஈப்போவும் அஸ்லான் ஷா கிண்ணமும் நினைவுக்கு வரும். வட அமெரிக்காவில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கியபடி ஆடும் ஐஸ் ஹாக்கி. அங்குள்ள என்ஹெச்எல் லீக்கில் இப்போது 32 அணிகள் இருக்கின்றன. அத்தனை பேரும் துரத்துவது ஸ்டேன்லி கிண்ணம் ஒன்றைத்தான். ரேஞ்சர்ஸ் அதைக் கடைசியாக வென்றது 1994-இல்.

2018 பிப்ரவரி 8 அன்று, பருவம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே அந்தக் கடிதம் வெளியானது. அணியின் தலைவர் கிளென் சேதரும் பொது மேலாளர் ஜெஃப் கோர்ட்டனும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். அணியை இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டப் போகிறோம், அதற்காக நீங்களும் நாங்களும் நேசிக்கும் சில முகங்களை இழக்க நேரலாம் என்பதே அதன் சாரம்.

விதைநெல் தீர்ந்த கதை

நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணிக்கு ஏன் இந்த நிலை? ரேஞ்சர்ஸ் 2014-இல் இறுதிச் சுற்று வரை போனது. 2015-இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஆனால், அந்த உயரத்துக்குப் போக ஒரு விலை கொடுத்திருந்தது.

என்ஹெச்எல் அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும். இதை டிராஃப்ட் என்பார்கள். ஏழு சுற்றுகள் நடக்கும். பெரும்பாலும் முதல் சுற்றில்தான் நாளைய நட்சத்திரங்கள் கிடைப்பார்கள். அந்தத் தேர்வு உரிமையை வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அனுபவசாலிகளை வாங்கிக்கொள்ளவும் முடியும். ரேஞ்சர்ஸ் அதைத்தான் செய்தது. 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் முதல் சுற்றில் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிச் சாப்பிட்டதுபோல் ஆகிவிட்டது.

வயது, ஒப்பந்தம், சம்பளம்

அணியை மறுபடி கட்ட உட்காரும் நிர்வாகம் ஒவ்வோர் ஆட்டக்காரரைப் பற்றியும் மூன்று விஷயங்களைப் பார்க்கும். அவருக்கு என்ன வயது? ஒப்பந்தம் எப்போது முடிகிறது? எவ்வளவு சம்பளம்? லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2018-19 பருவத்தில் ஓர் அணி மொத்தமாக 79.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் போக முடியாது. பணக்கார அணி என்றாலும் எல்லாரையும் வாங்கிக் குவிக்க வழியில்லை.

தற்காப்பு ஆட்டக்காரர் ரயன் மெக்டோனாவின் கதையைப் பார்ப்போம். அவர்தான் அணித் தலைவர். வயது 28. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு பருவம் மீதி இருந்தது. அது முடிந்ததும் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். ரேஞ்சர்ஸுக்கு எதுவும் மிஞ்சாது. புதிய அணி தயாராவதற்குள் அவரும் முப்பதைத் தாண்டிவிடுவார். அதனால், மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அவரை ஜே.டி. மில்லருடன் சேர்த்து தாம்பா பே அணிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்களும் தேர்வு உரிமைகளும் வந்தன.

அதற்கு முதல் நாள், 33 வயது ரிக் நாஷ் பாஸ்டனுக்குப் போனார். அந்தப் பரிமாற்றத்தில் வந்தவர்களில் ரயன் லிண்ட்கிரென் என்ற இளைஞரும் ஒருவர். அப்போது அவரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பின்னாளில் பல ஆண்டுகள் அணியின் தற்காப்பில் நின்றவர் அவர்தான். அந்த ஆண்டு டிராஃப்டில் ரேஞ்சர்ஸ் முதல் சுற்றில் மூவரைத் தேர்ந்தெடுத்தது. மூவரில் எல்லோருமே பெரிய ஆட்டக்காரர்களாக வளர்ந்துவிடவில்லை. நிர்வாகம் பலரைத் தேர்ந்தெடுப்பதே அதனால்தான்.

அதிர்ஷ்டமும் அவசரமும்

கீழ்வரிசை அணிகளுக்கு டிராஃப்டில் முன்னிடம் கொடுக்கக் குலுக்கல் நடக்கும். 2019-இல் ரேஞ்சர்ஸுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. பின்லாந்தின் காப்போ காக்கோ வந்தார். 2020-இல் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. அப்படி வெளியேறிய எட்டு அணிகளுக்கிடையே நடந்த குலுக்கலில் ஒவ்வொன்றுக்கும் 12.5 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. முதலிடம் ரேஞ்சர்ஸுக்கே விழுந்தது. அலெக்சிஸ் லஃப்ரெனியேர் வந்தார்.

இதற்கிடையே 2019 ஜூலையில் ஆர்டெமி பனாரினை ஏழு ஆண்டுகளுக்கு 81.5 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தார்கள். அருமையான ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால், நாற்று நட்ட மறுநாளே அறுவடைக்கு ஆள் பிடித்ததாக எனக்குத் தோன்றுகிறது. நட்சத்திரங்கள் நிறைந்த வரிசையில் இளையவர்களுக்குத் தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் குறைந்துபோனது.

கடிதத்துக்குப் பின் 15 ஆண்டுகள் வலை காத்த ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்டின் முறையும் வந்தது. 2020 செப்டம்பரில், ஒப்பந்தம் முடிய ஓராண்டு இருக்கும்போதே பணத்தைக் கொடுத்து அவரை விடுவித்தார்கள். அவர் இடத்தில் நின்ற இகோர் ஷெஸ்டர்கின், 2014-இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டவர். 2022-இல் லீக்கின் சிறந்த கோல் காவலர் விருது அவருக்குக் கிடைத்தது.

யாருக்கு அறுவடை?

கடிதத்தில் கையெழுத்திட்ட கோர்ட்டன் 2021 மே மாதம் வேலையிழந்தார். அடுத்த ஆண்டே அவர் கட்டிய அணி அரையிறுதிக்குப் போனது. அங்கே அதைத் தோற்கடித்தது தாம்பா பே. எதிரணியில் நின்றவர்களில் ஒருவர் மெக்டோனா. அதற்குள் இரண்டு முறை கிண்ணத்தை வென்றிருந்தார். 2024-இல் ரேஞ்சர்ஸ் லீக் சுற்றில் முதலிடம் பிடித்து, மறுபடி அரையிறுதியில் தோற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் காக்கோவும் சியாட்டிலுக்கு அனுப்பப்பட்டார். 2025-இல் அணி பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

அப்படியானால் திட்டம் தோற்றதா? கிண்ணத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் தோற்றதுதான். ஆனால், நிர்வாகம் திட்டமிட முடிவது வாய்ப்பை மட்டுமே என்பது என் எண்ணம். இரண்டு அரையிறுதிகள் அந்த வாய்ப்புகள்தான். வந்த வாய்ப்பு கைநழுவுவதும் ஆட்டத்தில் உண்டு.

கடிதத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிடித்தவர் போகும்போது ரசிகருக்கு வலிக்கத்தான் செய்யும். காரணம் தெரிந்தால், கோபித்துக்கொண்டாவது காத்திருப்பார். எங்கள் பாட்டி கேட்டதும் அந்தக் காரணத்தைத்தான். நாங்கள் சொல்லியிருக்கலாம்.