வாழைப்பழம் பிழைக்கவைத்த குழந்தைகள்

நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், 1924-இல் 10 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பத்துப் பேருக்கும் சீலியாக் நோய். வயிறு பானையாய் உப்பி, கைகால் குச்சியாய் மெலிந்து, ஓயாத பேதி. 8 பேருக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்தினார். பாலாடைக்கட்டி, இறைச்சி, காய்கறியோடு நன்றாகக் கனிந்த வாழைப்பழம், நாளுக்கு நான்கு முதல் எட்டு வரை. எட்டுப் பேரும் தேறினார்கள். அந்த உணவு கிடைக்காத இருவரும் இறந்துபோனார்கள்.

மாவுச்சத்துதான் வில்லன் என்று ஹாஸ் முடிவுகட்டினார். பிள்ளைகள் பிழைத்தது நிஜம். சொன்ன காரணம்தான் தப்பு.

அது தெரியவர ஒரு பஞ்சம் வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகர மருத்துவர் வில்லெம் டிக்கவுக்குக் கோதுமைமேல் ஏற்கெனவே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தை அடைத்தது. ஜனங்கள் டியூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது, பேதியும் திரும்பி வந்தது. கோதுமையே காரணம் என்று 1950-இல் ஆய்வேடு எழுதினார் டிக்க. அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் குடலைக் கெடுக்கிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. ஹாஸ் ரொட்டியை நிறுத்தியபோது மாவுச்சத்தோடு குளூட்டனும் சேர்ந்தே போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் காரணம் தப்பானதற்கு விலை உண்டு. நோய் தீர்ந்ததாக நம்பி ரொட்டிக்குத் திரும்பியவர்களின் குடல் மறுபடி பழுதானது.

ஹாஸ் தன் கருத்தை விடவில்லை. 1958-இல் பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட மகளை அவரிடம் அழைத்துவந்த இலேன் காட்ஷால், பின்னாளில் அந்தப் பத்தியத்தைப் புத்தகமாக எழுதிப் பரப்பினார். அரிசி உட்பட எந்தத் தானியமும் கூடாது. தேன், பழம், 24 மணி நேரம் உறையவைத்த தயிர் உண்டு. குடல் அழற்சி நோயான குரோன் உள்ள 194 பேரிடம் இதை மத்தியத்தரைக்கடல் உணவோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. ஆறு வாரத்தில் அறிகுறி தணிந்தவர்கள் இந்தப் பத்தியத்தில் 46.5 விழுக்காடு, அந்த உணவில் 43.5. சோற்றையும் சப்பாத்தியையும் துறந்ததற்கு இது ரொம்பக் குறைந்த கூலி.

மாவுச்சத்தை மொத்தமாக விரட்டாமல், கார்போஹைட்ரேட்டுகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தவர்கள் மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார். 2005-இல் அவற்றுக்கு ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சர்க்கரைகளும் குறுஞ்சங்கிலி கார்போஹைட்ரேட்டுகளும் இவை. குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் பாக்டீரியாக்கள் இவற்றைப் புளிக்கவைக்க, வாயு சேரும். ஐபிஎஸ் எனும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு அதுவே உப்புசமும் வலியும்.

நம் தட்டில் சோறு தப்பித்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது அதன்மேல் ஊற்றும் வெங்காயச் சாம்பார். வெங்காயத்தை ஓரம் ஒதுக்கியும் பயனில்லை. அதிலுள்ள ஃபிரக்டான் என்ற ஃபாட்மேப் நீரில் கரைந்து குழம்போடு கலந்திருக்கும். எண்ணெயில் அது கரையாது. எனவே அதே ஃபிரக்டான் உள்ள பூண்டை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வேடிக்கை, நன்கு கனிந்த வாழைப்பழம் மொனாஷ் பட்டியலில் தவிர்க்கவேண்டிய பக்கம் இருக்கிறது.

ஃபாட்மேப்பைக் குறைக்கும் இந்தப் பத்தியம் ஆயுளுக்கும் அல்ல. இரண்டு முதல் ஆறு வாரம், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கவேண்டும். உணவியலாளர் துணையோடு செய்வது நல்லது.

ஒன்று மட்டும்: கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் பத்தியம் பார்த்துக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.