100 பேருக்கு எத்தனை டாய்லெட்? அமெரிக்க 'டெயில்கேட்' பார்ட்டிகளின் பேசப்படாத கணக்கு!

பார்ட்டி பிளான் பண்ணணும்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகத்துக்கு வரும்? சாப்பாடு, மியூசிக், யார் யாரைக் கூப்பிடுறது... அவ்வளவுதானே? அமெரிக்காவில் ஃபுட்பால் சீசனில் பார்ட்டி வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. வர்றவங்க எல்லாரும் அவசரத்துக்கு எங்க போவாங்க?

இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். மேட்ச் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே ரசிகர்கள் ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் இடம்பிடித்துவிடுவார்கள். பிக்-அப் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பை மூட்டி, பர்கர், சிக்கன் விங்ஸ், பீர் என்று களைகட்டும். அந்தப் பின்கதவுக்குப் பெயர்தான் டெயில்கேட். அமெரிக்காவில் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்க, கதை கதையா சொல்வாங்க.

மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். ஆனால், ஸ்டேடியத்தின் டாய்லெட்கள் எல்லாம் கேட்டுக்கு உள்ளே. பார்ட்டியோ வெளியே. அதனால்தான் மொபைல் டாய்லெட். அங்கே செல்லமாக 'போர்ட்டா பாட்டி' என்பார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் 'க்ரோவ்' தோப்பில் கூடாரத்துக்குள்ளேயே சாண்ட்லியர் மாட்டிப் பார்ட்டி வைப்பது பிரபலம். அங்கே வைக்கும் டிரெய்லர் டாய்லெட்களுக்கு, கல்லூரியின் கோஷத்தை வைத்தே 'ஹாட்டி டாடி பாட்டி' என்று பெயர்!

சரி, எத்தனை வேணும்? 4 மணி நேரத்துக்கு 50 பேருக்கு ஒன்று என்பது வாடகைக்கு விடுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 பேருக்கு 2 போதும். பேப்பரில் சரி, பார்க்கிங்கில் தப்பு.

முதல் காரணம் பீர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் குறைத்துவிடும். வழக்கத்தைவிட அதிகமாக வெளியே போகும். இரண்டாவது, எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவது. மேட்ச் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது பாதிப் பேர், அதாவது 50 பேர் வரிசைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 நிமிடம். 2 கேபின் என்றால் கடைசி ஆள் வெளியே வர 50 நிமிடம். ஆட்டத்தின் ஆரம்பம் போச்சு! 4 கேபின் என்றால் 26 நிமிடம். என்னைக் கேட்டால், சராசரியை மறந்துட்டு அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் புக் பண்ணணும்.

இதிலும் அதிகம் சிக்குவது பெண்கள்தான். உடை, பீரியட்ஸ், கூடவே குழந்தை என எல்லாமே நேரம் எடுக்கும் விஷயங்கள். 1990-ல் ஹூஸ்டனில் ஒரு கச்சேரியில், வரிசை நகராததால் ஆண்கள் டாய்லெட்டுக்குள் போன பெண் மீது வழக்கே போட்டார்கள். ஜூரி விடுவித்தது. பெண்களுக்குக் கூடுதல் டாய்லெட் வேண்டும் என்று சட்டமும் டெக்சாஸில் வந்தது. பஸ் பயணத்துக்கு முன்னாடி தண்ணியே குடிக்காம கிளம்புற நம்ம ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கேபின்களில் சிலவற்றையாவது 'பெண்களுக்கு மட்டும்' என்று ஒதுக்கி, உள்ளே ஒரு குப்பைத்தொட்டியும் கொக்கியும் வைப்பது பெரிய செலவில்லை. இருட்டிய பிறகும் பார்ட்டி தொடரும் என்றால் உள்ளே லைட் கட்டாயம்.

வீல்சேரில் வருபவர்களை மறந்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் வரிசையாக வைக்கும் கேபின்களில் 5 சதவிகிதம், குறைந்தபட்சம் ஒன்றாவது வீல்சேர் நுழையும்படி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிமுறை. தனியார் பார்ட்டிதானேன்னு தட்டிக்கழிக்காம ஒன்று சேர்த்து எடுப்பதுதான் மரியாதை.

எங்கே வைப்பது? சமதளத்தில், அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் தள்ளி, காற்று நம் பக்கம் வீசாத திசையில். கழிவை உறிஞ்சும் லாரி பக்கத்தில் வந்து நிற்க வழி வேண்டும். வண்டிகள் நிரம்பிய பிறகு லாரி உள்ளே வரவே முடியாது என்பதால், கேபின்கள் முன்கூட்டியே வந்து இறங்கிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பார்க்கிங் நிர்வாகத்தின் அனுமதி. பல ஸ்டேடியங்களில் சொந்தமாகக் கேபின் கொண்டுவர விடமாட்டார்கள்.

கை கழுவும் தொட்டியையும் சேர்த்தே கேளுங்கள். விங்ஸ் சாப்பிட்ட எண்ணெய்க் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. காலால் மிதித்தால் தண்ணீர் வரும் தொட்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. டிசம்பர் குளிரில் பார்ட்டி என்றால் தொட்டியில் உப்புக் கரைசல் சேர்ப்பார்களா என்றும் கேட்கணும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உறைந்துவிடும்.

பழைய மாணவர்கள் திரளும் 'ஹோம்கமிங்' வாரத்துக்குக் கேபின் கிடைப்பது குதிரைக்கொம்பு, தேதி தெரிந்ததுமே புக் செய்துவிட வேண்டும். வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் திரவம் பளிச்சென்று நீலமாக இருந்தால் புதுசு. பச்சையாக இருந்தால், உங்களுக்கு முன்னாடியே யாரோ பார்ட்டி வெச்சுட்டாங்க!