காஸ் விளக்கு மங்குகிறதா? காரணம் நான்கே!

மண்ணெண்ணெயில் எரியும் விளக்குக்குக் "காஸ் விளக்கு" என்று பெயர் வந்தது ஏன்? இதற்கு விடை தெரிந்தவர், மங்கி எரியும் பெட்ரோமாக்ஸைப் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடுவார்.

சிங்கப்பூரில் காலாங் காஸ் ஆலை 1862-ல் அமைந்தது. 1864 மே 24-ஆம் தேதி நகர வீதிகளில் முதன்முதலாகக் காஸ் விளக்குகள் ஏற்றப்பட்டன. ஆனால் ரப்பர் தோட்டத்துக்கும் கம்பத்து வீட்டுக்கும் காஸ் குழாய் வரவில்லை. அங்கெல்லாம் இரவைப் பகலாக்கியது பெட்ரோமாக்ஸ்தான். பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் நிறுவனம் 1910 வாக்கில் இதைக் கொண்டுவந்தது. பெட்ரோலியம் என்ற சொல்லோடு அவருடைய பெயரும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆயிற்று. பாசார் மாலாம் கடை, கல்யாணப் பந்தல், சாமி ஊர்வலம் எல்லாவற்றிலும் அதன் "உஸ்" என்ற சத்தம் கேட்ட காலம் ஒன்று உண்டு.

இன்று தீபாவளி வந்தால் சிராங்கூன் ரோட்டில் மின்விளக்குத் தோரணம் ஜொலிக்கிறது. ஆயினும் 2004 ஜூன் 29-ஆம் தேதி இரவு, அதே சிங்கப்பூரில் ஏறக்குறைய 3 லட்சம் வீடுகளில் மின்சாரம் நின்றுபோனது. புயல் மழையில் கம்பி அறுந்தால் தோட்டத்து லயமும் இருண்டுவிடும். அப்போது பரணிலிருந்து இறக்கும் விளக்கு நன்றாக எரிய வேண்டுமல்லவா?

விளக்குக்குள் ஒரு காஸ் ஆலை

தொட்டியில் நாம் அடிக்கும் காற்று எண்ணெயை மேலே தள்ளுகிறது. சூடேறிய பித்தளைக் குழாயில் அந்த எண்ணெய் ஆவியாகிறது. ஆவி, நிப்பிளின் நுண்ணிய துளை வழியே சீறி, வெளிக்காற்றோடு கலந்து மேண்டிலில் எரிகிறது. ஆக, விளக்கே தனக்கு வேண்டிய காஸைத் தயாரித்துக்கொள்கிறது. பெயர்க் காரணம் இதுதான்.

விளக்கு மங்கியதும் பலர் பம்பை மேலும் மேலும் அடிப்பார்கள். இது தவறு. அளவுமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் காற்று ஏற்றுவது ஆபத்து. காற்று, எண்ணெய், நிப்பிள், மேண்டில் என்ற வரிசையில் பாருங்கள்.

1. காற்று

பம்பு அடிக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை என்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஓரத்தை விரித்து மாட்டுங்கள். பம்புக் கைப்பிடி தானாக மேலே எழுந்தால், பம்பின் அடியிலுள்ள வால்வு கசிகிறது என்று பொருள். அளவுமானி முள் சீக்கிரம் இறங்கினால், விளக்கை அணைத்து ஆறவிட்டு, மூடியிலும் இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வருமிடமே கசியுமிடம். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. எண்ணெய்

வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். மேலுள்ள எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டி எடுங்கள். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. காற்றுக்கும் இடம் வேண்டும்.

3. நிப்பிள்

காற்றும் எண்ணெயும் சரியாக இருந்தும் மங்கலா? பக்கத்துத் திருகை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே இருக்கும் முள்ளைத் துளைக்குள் ஏற்றி இறக்குங்கள். வெளிச்சம் கூடினால், அடைத்திருந்தது கரிதான். அடிக்கடி அடைத்தால் பித்தளைக் குழாயினுள் கரி பிடித்திருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். தையல் ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். எண்ணெய் அதிகமாக வந்து புகையும் சுவாலையும் எழும்.

4. மேண்டில்

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அதற்கு 1885-ல் உரிமம் பெற்றார். முதல் தடவை எரித்ததும் துணி போய்ச் சாம்பல் வலைதான் மிஞ்சும். ஒளிர்வது அந்தச் சாம்பலே. கை பட்டால் என்னவாகும் என்பதை "வைதேகி காத்திருந்தாள்" (1984) படத்தில் செந்தில் கவுண்டமணிக்குக் காட்டிவிட்டார்!

மேண்டில் கறுத்தால், ஏற்றும்போது ஸ்பிரிட்டால் குழாயைப் போதிய அளவு சூடாக்கவில்லை. அல்லது காற்றுப் பாதையில் சிலந்தியோ பூச்சியோ கூடு கட்டியிருக்கிறது. ஓட்டை விழுந்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் சுவாலை நேரே பட்டுக் கண்ணாடி வெடிக்கும். பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு உண்டு. சாம்பலை வாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுத்துக் கை கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

உயிர் முக்கியம்

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று மோட்டார் சைக்கிள் பெட்ரோலை ஊற்றவே கூடாது. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பற்றும். பெட்ரோல் ஆவியோ எந்தச் சூடும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊற்றும் முன் விளக்கை அணைத்து, ஆறவிட்டு, திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். எண்ணெய்த் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும், மணலைப் போடுங்கள்.

நெருக்கமான வீடுகளில் தீ எத்தனை வேகமாக ஓடும் என்பதைச் சிங்கப்பூர் 1961 மே 25-ஆம் தேதி புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் கண்டது. ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள்.

கதவு சன்னலை அடைத்துவிட்டு விளக்கை எரியவைத்துத் தூங்குவதும் கூடாது. அடைத்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

ஒரு மேண்டில், ஒரு தோல் வாஷர், ஒரு நிப்பிள், ஒரு முள். இந்த நான்கையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு விளக்கோடு வைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்து விளக்கை ஏற்றிப் பாருங்கள். குறை தெரிந்தால் அன்றே சரிசெய்யலாம். மின்சாரம் போன இரவில் இருட்டில் தடவ வேண்டியிருக்காது.