தைராய்டு எங்கே?

"என்னய்யா, பிள்ளை கழுத்துல என்னத்தத் தேடுதீய?" என்று கேட்டார் தாராவியிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி. பிறந்து பத்து நாளான பேத்தி பால் குடித்துக் கண்ணயர்ந்திருந்தாள். தோளுக்கடியில் துணியை மடித்து வைத்துக் கழுத்தைச் சற்றே நிமிர்த்தியிருந்தோம். "தைராய்டைத் தேடுறோம் ஆச்சி" என்றேன். மருத்துவ மாணவனான எனக்கு அதற்குமேல் தமிழில் விளக்க அன்று நா எழவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

தைராய்டுச் சுரப்பி கருவில் முதலில் நாவின் அடியில் தோன்றுகிறது. மெல்லக் கீழிறங்கி, ஏழாவது வார அளவில் மூச்சுக் குழலுக்கு முன்னே வந்து அமர்கிறது. சில குழந்தைகளுக்கு அது உருவாவதே இல்லை. சிலருக்கு வழியிலேயே நின்றுவிடுகிறது. சிலருக்கு உரிய இடத்தில் இருந்தும் சரிவரச் சுரப்பதில்லை. கவனியாவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும். கொடுமை என்னவென்றால், பிறந்த குழந்தையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தந்தான் காட்டிக்கொடுக்கும். மும்பை, சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ 1,130 பேருக்கு ஒருவரிடம் இக்குறை காணப்பட்டது.

இரத்தம் குறையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணமறியக் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுப்பது பழைய முறை. செம்பூருக்கு அடுத்த ட்ராம்பேயின் அணுசக்தி விஞ்ஞானிகள் 1963இல் பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையம் கண்டது நம் நகருக்குப் பெருமைதான். ஆனால் அத்தகைய இடத்துக்குச் சிசுவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும். ஸ்கேன் என்று நாம் சொல்லும் கேளா ஒலிக் கருவியோ கட்டிலருகே உருண்டு வந்துவிடுகிறது. கதிர்வீச்சில்லை, மயக்க மருந்தில்லை. மூச்சுக் குழலின் இருபுறமும், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீள மடல்கள், சுற்றியுள்ள தசையைவிடச் சற்று வெளிறித் தெரியும்.

அதை முழுக்க நம்பிவிடவும் கூடாது. நாவடியில் நின்றுவிட்ட சுரப்பியை அது தவறவிடக்கூடும். வெற்றிடத்துக் கொழுப்பைச் சுரப்பியென மயங்கவும் வைக்கும்.

எப்படமாயினும் மருந்து அதற்காகக் காத்திருக்கலாகாது. லீவோதைராக்சின் மாத்திரையை நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்து, பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கவேண்டும். இங்கே நம்மவர்க்கு ஓர் இடைஞ்சல் உண்டு. மருத்துவமனையில் எழுதிக் கொடுப்பது கணவரின் தொலைபேசி எண். அவர் வேலைக்குப் போய்விடுவார். தாயும் சேயும் நெல்லைக்கு இரயிலேறியபின் சோதனை முடிவு வரும்! அக்காமார், அண்ணிமார் இருப்போர் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆச்சியின் பேத்திக்கு அன்று திரையில் இரு மடல்களும் காணப்படவில்லை. மாத்திரை மூன்று நாள் முன்னரே தொடங்கியாயிற்று.