குழிக்கு எவ்வளவு செலவாகும்?

7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டும் குடும்பங்கள் எங்களிடம் வந்து முதலில் கேட்பது, "ஐயா, கக்கூசு கட்ட எவ்வளவு போகும்?" என்பதுதான். மேலே கட்டவா, கீழே கட்டவா என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். கதவு, டைல் என்று கண்ணுக்குத் தெரிகிறதற்கெல்லாம் சீட்டுக்காசு, அடகுக்காசு போட்டு விடுகிறார்கள். கீழே குழி என்று வரும்போது கை சுருங்கி விடுகிறது. "குழிதானே, எப்படி வெட்டினால் என்ன" என்று சொல்கிறவர்களும் உண்டு.

சாமான் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. அளவைச் சொல்கிறோம், உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள். 5 பேர் உள்ள குடும்பத்துக்கு உள்ளளவு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலரை அடி ஆழத்தில் ஒரு செப்டிக் தாங்கி போதும். இதில் மூன்றரை அடிக்குத் தண்ணீர் நிற்கும், மேலே ஒரு அடி வெறுமையாக இருக்க வேண்டும். சுவருக்கு மட்டும் 16 அங்குலம், 8 அங்குல சீமெந்துக் கல் 90 அளவில் பிடிக்கும். அடித்தளம், உள்பூச்சு, கொங்கிரீட் மூடி, காற்றுக் குழாய், மேசன் கூலி எல்லாம் வேறு. றோட்டில் இறக்கிய கல்லையும் மணலையும் மேட்டுக்குச் சுமக்கும் கூலியைப் பலபேர் மறந்து போகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதுவே பெரிய செலவு. மண் வெட்டும் வேலையை அக்கம் பக்கத்தார் ஞாயிற்றுக்கிழமையில் கைமாறாகச் செய்தால் மிச்சம் பிடிக்கலாம். உள்பூச்சில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தாங்கியிலிருந்து வெளியே வரும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. அதற்கு ஓர் உறிஞ்சு குழி கட்டாயம் வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து குழாயைக் கானுக்கு விட்டு விடுகிறார்கள். மேட்டு லயத்துக் கான் எங்கே போகிறது? பள்ளத்து லயத்துப் பீலிக்குத்தானே! பிறகு அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி. தாய் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அந்த நாட்களின் பெயரும் போச்சு, சம்பளமும் போச்சு. கிணறு, ஊற்று இவற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, அவற்றுக்கு மேற்பக்கம் வராதபடி இடம் பார்க்க வேண்டும். 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடிதான். ஆகவே வீட்டுக்கு அத்திவாரம் போடும் முன்னமே குழிக்கு இடம் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிக் கொள்ளுங்கள்.

கட்டிய பிறகும் செலவு உண்டு. ஓர் ஆளுக்கு வருசத்துக்கு 40 லீட்டர் வரை கசடு சேரும் என்று வைத்தால், 5 பேருக்கு 200 லீட்டர். மேலே சொன்ன தாங்கியில் 1,200 லீட்டருக்குச் சற்று அதிகம் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு கசடானால் அள்ள வேண்டும், அதாவது 2, 3 வருசத்துக்கு ஒரு தடவை. பிரதேச சபை பவுசருக்கு மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைத்தால் பாரம் தெரியாது. ஆனால் பவுசர் உங்கள் வீடு வரை வருமா? இதைத் தாங்கி கட்டும் முன் யோசிக்க வேண்டும்.

பவுசர் வராத மேட்டு வீடுகளுக்கு இரட்டைக் குழி நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். 3 அடி விட்டம், 4 அடி ஆழத்தில் இரண்டு குழி, சுவரில் இடைவெளி விட்டுக் கல் அடுக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாவிப்பது. நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்பி, முதல் குழியை 2 வருசம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது மண்ணைப் போலாகி விடும். மரக்கறித் தோட்டத்துக்குப் பசளையாகப் போடலாம், பவுசர் காசும் இல்லை. ஊற்றுப் பிடிக்கும் ஈர நிலத்துக்கு இது சரிவராது.

எந்தக் குழியானாலும் கூரைத் தண்ணீரை அதற்குள் விடாதீர்கள். துணி, பிளாஸ்டிக் போடாதீர்கள். அசிட்டை நினைத்த மாதிரி ஊற்றினால் கசடைக் கரைக்கும் கிருமி செத்து, குழி சீக்கிரம் நிறையும். மூடியைத் திறந்தால் நெருப்புக்குச்சி கிழிக்கக் கூடாது. உள்ளே என்ன விழுந்தாலும் சரி, ஆள் இறங்கவே கூடாது. விசவாயு ஒரு மூச்சில் ஆளை விழுத்திவிடும், தூக்கப் போகிறவரையும் சேர்த்து.