இங்கிலாந்தின் செந்நிற டெலிபோன் கூண்டு

கோவில்களையும் மாளிகைகளையும் புராதனச் சின்னங்களென்று போற்றிக் காப்பது எல்லா தேசத்தாருக்கும் வழக்கமாயிருக்க, ஓர் ஆள் நின்று பேசுவதற்கு மட்டுமே இடங்கொண்ட தெருவோர டெலிபோன் கூண்டுக்கும் இங்கிலாந்தில் சட்டத்தின் பாதுகாப்பை அளித்திருக்கிறார்கள். அக்கூண்டின் அமைப்பைச் சற்று நின்று கவனித்தவர் எவரும் இதை மிகையென்று சொல்லமாட்டார்.

1924-ல் நடந்த போட்டியில் வென்று இதற்கு வடிவம் வகுத்தவர், லிவர்பூல் கதீட்ரலின் சிற்பியான சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். முற்காலத்துச் சிற்பி ஜான் சோன் தம் மனைவிக்காக லண்டனில் எழுப்பிய கல்லறை மண்டபத்தின் கவிந்த விதானமே கூண்டின் கூரைக்கு முன்மாதிரி என்பர். எஃகினால் செய்து வெள்ளி வர்ணம் பூசவேண்டுமென்பது ஸ்காட்டின் அபிப்பிராயம். தபால் இலாகாவோ வார்ப்பிரும்பையும் சிவப்பையும் விரும்பிற்று. மூடுபனி மிகுந்த நகரத்தில் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படவேண்டிய பொருளுக்கு அந்தச் சிவப்பே உசிதமானது என்பது என் துணிபு. 1926-ல் லண்டன் வீதிகளில் நிறுவப்பட்ட இக்கூண்டின் நெற்றியில் ஒரு கிரீடம் உண்டு. வெறும் அலங்காரமென்று தோன்றும் அதில் நுண்ணிய துவாரங்களிட்டு, உள்ளே நிற்பவருக்குக் காற்று வரும் மார்க்கமாகவும் அதனை ஆக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி ஸ்காட்டே வகுத்த சிறிய வடிவம், 1936 முதல் கிராமங்கள்தோறும் பரவி ஏறக்குறைய 60,000 ஆகப் பெருகிற்று.

1984-ல் டெலிபோன் நிர்வாகம் தனியார் வசம் சென்றபின் பழைய கூண்டுகள் ஏராளமாகப் பெயர்த்தெடுக்கப்படவே, கலையன்பர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1986 முதல் அவை பாதுகாப்புப் பட்டியலில் ஏறத் தொடங்கின. இன்று பட்டியலிலுள்ளவை இரண்டாயிரத்துக்கும் அதிகம். வார்ப்பிரும்புப் பாகங்களை போல்ட் முடுக்கி இணைத்தும், கதவைத் தேக்கு மரத்தால் இழைத்தும் செய்திருப்பதால், பாகம் பாகமாகப் பிரித்து, பழைய வர்ணத்தை உரித்து, துருவைச் சுரண்டி, உடைந்த பாகத்தை மாத்திரம் புதிதாக வார்த்து மீண்டும் பூட்டிவிட முடிகிறது. ஆயினும் பயனற்று நிற்பதைப் பராமரிக்க எவருக்கும் மனம் வராதாகையால், 2008 முதல் ஒரே ஒரு பவுன் விலைக்கு ஊர்ச்சபைகள் இவற்றை ஏற்றுக்கொள்ள வழிசெய்தார்கள். சிலவற்றில் இன்று ஊரார் இரவல் பெறும் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன, சிலவற்றில் தாளம் தப்பித் துடிக்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் சீர்ப்படுத்தும் கருவி காத்திருக்கிறது.

லண்டன் செல்லும் வாசகர்கள் பிக்காடிலியில் பர்லிங்டன் மாளிகையின் வாயிலில் சற்றே நிற்கவேண்டும். ஸ்காட் போட்டிக்காகச் செய்வித்த மூல மாதிரி அங்கேதான் இருக்கிறது. அது முழுவதும் மரத்தாலானது.